பூகோளம் வெளியூர் போன வாரம்

அவளுக்குப் பூகோளம் என்று பேர் வைத்தவள் அவளுடைய நாத்தனார். சோபாவில் காலை நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தவள், தம்பி பெண்டாட்டி காலேஜில் சேர்ந்துவிட்டாள் என்று கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நாப்பத்தஞ்சு வயசுல காலேஜா? அப்படி என்ன படிப்பு?"

"மானுடப் புவியியல், அண்ணி."

"தமிழ்ல சொல்லு."

"பூகோளம் மாதிரின்னு வச்சுக்குங்க. ஆனா மலை, ஆறு, எரிமலை இல்ல. மனுஷங்களைப் பத்தினது."

"ஆளும் உருண்டை, படிப்பும் உருண்டை. பொருத்தம்தான்."

புருஷன் சிரித்தான். மகன் சிரித்தான். படுக்கையில் கிடந்த மாமியாரும் பாதி வாயால் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் பூகோளம்தான். பூகோளம் சமைச்சாச்சா, பூகோளம் இன்னைக்கு எங்க சுத்தப் போயிருக்கு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவள் சண்டை போடவில்லை. காலேஜில் முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொன்னபோது, தன் மகளாக இருக்கக்கூடிய வயதுப் பெண்கள் நடுவில் எழுந்து நின்று, "வீட்ல என்னைப் பூகோளம்னு கூப்பிடுவாங்க. நீங்களும் அப்படியே கூப்பிடுங்க" என்றாள். ஏசுவதற்கு வைத்த பேரை ஏச்சு வாங்கியவளே எடுத்துக்கொண்டால் ஏசியவர் கையில் அப்புறம் ஒன்றும் மிஞ்சாது.

எந்தப் படிப்பு என்று முன்கூட்டி முடிவு செய்துகொண்டு அவள் போகவில்லை. காலை நேரக் கல்லூரி, கல்யாணமானவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். வணிகவியல் நிரம்பிவிட்டது, மனையியலில் இடம் இருக்கிறது என்றார் அலுவலகத்தில் இருந்தவர். "வீட்டு வேலையையா சார் மூணு வருஷம் படிக்கணும்? அதைத்தான் இருபத்து மூணு வருஷமா பண்றேனே" என்றாள். வேறு என்ன என்று கேட்டதற்கு மானுடப் புவியியல் என்றார். அதில் என்ன சொல்லித் தருவார்கள் என்றதும் அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். யார் எங்கே இருக்கிறார்கள், ஏன் அங்கே இருக்கிறார்கள், ஏன் வேறு இடத்துக்குப் போகிறார்கள், அதைப் படிப்பது என்றார்.

"அது எனக்கே தெரிஞ்சாகணும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் எங்கே இருந்தாள் என்றால், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தாள். இரண்டு அறை, ஒரு கூடம், துணி காயப்போட ஒரு பால்கனி. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதி லிஃப்ட் அவன் கைபட்டு ஓடியது. அவன் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட் மட்டும் வேறு கம்பெனியுடையது, அதனால் அது நின்றால் நின்றதுதான். மகன் பார்சல் கிடங்கில் மத்தியான ஷிஃப்ட். பதினொரு மணி வரை தூக்கம். கூடத்துக்குப் பக்கத்து அறையில், சன்னலை ஒட்டிய கட்டிலில் மாமியார்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. வலது கை, வலது கால் போய்விட்டன. வாய் மட்டும் முதல் மாதமே திரும்பிவிட்டது. அந்தம்மாள் ஆயுசெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தவள். தன் முதுகுக்குக் கீழே விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே எந்த மூலை என்று சொல்வாள். "கால்மாட்டு இடது மூலை. இழுத்துக் கட்டு. இது படுக்கையா, பழைய துணி மூட்டையா?"

படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளத் தியாகம் எதுவும் தேவையில்லை. முதுகு வேண்டும், நேரம் வேண்டும், கொஞ்சம் தொழில் தெரிய வேண்டும். இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும், சாப்பாட்டை நிமிர்த்தி உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். யாரும் கற்றுக்கொள்ளலாம். அந்த வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் கற்றுக்கொண்டாள், அதனால் அது அவளுடைய வேலை ஆனது. அவள் காலையில் எல்லாம் முடித்து, மாமியாரைச் சுவர்ப் பக்கம் புரட்டிவிட்டுக் கிளம்புவாள். வகுப்புகளுக்கு நடுவில் ஓடிவந்து சன்னல் பக்கம் புரட்டிவிட்டு மறுபடி ஓடுவாள். கல்லூரி இரண்டு தெரு தள்ளி இருந்ததால் முடிந்தது. அப்போதெல்லாம் மகன் அடுத்த அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். வீட்டில் ஆள் இருந்தது. கைதான் இல்லை.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. மூன்றாம் வருஷம் பாதியில் துறைத் தலைவி ஒரு வேலை கொடுத்தாள். ஒரு வீட்டில் இருப்பவர்கள் ஒரு நாளில் எங்கெங்கே போய்வருகிறார்கள் என்று அட்டையில் நூலால் காட்ட வேண்டும். அட்டையின் அடிப்பாகம் விடியற்காலை, உச்சி ராத்திரி. நடுவில் வீடு, இரண்டு பக்கமும் தெருக்கள், வேலை செய்யும் இடங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிற நூல். ஆள் நகர்ந்தால் நூல் சாய்ந்து போகும். இருந்த இடத்திலேயே இருந்தால் நூல் நேராக மேலே ஏறும்.

பூகோளம் ரசித்துச் செய்தாள். புருஷனுக்கு நீலம். காலையில் கிளம்பி ஒவ்வொரு லிஃப்டாக ஏறி இறங்கி ஊரெல்லாம் சுற்றி வந்தது. மகனுக்குப் பச்சை. தினமும் சாயங்காலம் டீ குடிக்க வரும் நாத்தனாருக்கு மஞ்சள். கட்டடத்துக் காவலாளியைக்கூட விடவில்லை, அவருக்குப் பழுப்பு. குண்டூசி பிசகாமல் குத்தி, நூலை விறைப்பாக இழுத்துக் கட்டி, வகுப்பில் கொண்டுபோய் வைத்தபோது பக்கத்தில் இருந்த பெண் படம் எடுத்துக்கொண்டாள்.

துறைத் தலைவி அவளைவிடப் பத்து வயது சின்னவள். அட்டையை வெகுநேரம் பார்த்தாள்.

"அழகா இருக்கு. இந்த வீட்ல சமைக்கிறது யாரு?"

"நான்தான் மேடம்."

"உங்க நூல் எங்க?"

பூகோளம் அட்டையைப் பார்த்தாள். நிஜமாகவே இல்லை.

"வரைஞ்சது நான்தானே மேடம். போட்டோ எடுக்கிற ஆள் போட்டோவுல வருவாரா?"

வகுப்பு சிரித்தது. துறைத் தலைவி சிரிக்கவில்லை. "படுத்திருக்கிற மாமியாரைப் பத்திச் சொல்லியிருக்கீங்களே, அவங்களும் இல்ல."

"அவங்க எங்கயும் போறதில்லையே."

"போகாதவங்களுக்கும் நேரம் போகுதுல்ல. மார்க் அப்புறம் போடறேன். முடிச்சிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து கட்டில் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் மாமியாருக்கு வெள்ளை நூல். அடியிலிருந்து உச்சிவரை ஒரே கோடு, கம்பம் நட்ட மாதிரி. பிறகு தனக்குச் சிவப்பு நூல் எடுத்தாள். கட்டிலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கட்டில், கட்டிலிலிருந்து கல்லூரி, அங்கிருந்து ஓடிவந்து கட்டில். நூல் தீர்ந்தது. இன்னொரு உருண்டை எடுத்தாள். அட்டையில் மத்தியானம் வருவதற்குள் வெள்ளைக் கோட்டைச் சிவப்பு மூடிவிட்டது.

"என்னடி பின்னற?" என்றாள் மாமியார்.

"காலேஜ் வேலை அத்தை."

"இதுல நான் எது?"

"இந்த வெள்ளை. நீங்க இருக்கிற இடத்துலயே இருக்கீங்க, அதனால நேரா நிக்குது."

"சுத்திச் சுத்தி இருக்கே, அந்தச் சிவப்பு?"

"அது நான்."

மாமியார் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பெரிய விஷயத்தைப் பார்க்கும்போது அந்தம்மாளுக்கு நல்ல கண் ஒன்று போதும். "நான் முளைக்குச்சி. நீ அதுல கட்டின மாடு" என்றாள். கொஞ்சம் கழித்து, "எனக்குக் கால் விளங்கல, நான் நிக்கறேன். உனக்கு என்ன கேடு?" என்றாள்.

அன்பில் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாமியாருக்கு அப்படியெல்லாம் பேசத் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். பூகோளம் அன்றைக்குச் சோற்றைக் குழையவிட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் களப்பணிக்கு நாள் குறித்தார்கள். கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுக ஊர். மீன் பதப்படுத்தும் ஆலை மூடிப் பாதிப் பேர் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு வாரம் தங்கி, வீடு வீடாகப் போய், யார் போனார்கள், எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். போகாதவர்களுக்குப் பட்டம் கிடையாது. இரண்டரை வருஷம் படித்ததும் அதோடு போச்சு. அதில் சலுகை இல்லை என்று துறைத் தலைவி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். சொல்லும்போது பூகோளத்தைப் பார்க்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டாள்.

சாயங்காலம் டீ நேரத்தில் வீட்டில் சொன்னாள். நாத்தனாரும் இருக்கட்டும் என்றே அந்த நேரத்தைப் பிடித்தாள்.

"ஒரு வாரமா?" என்றான் புருஷன். "அம்மாவை யார் பாத்துக்கிறது?"

"நீங்க. உங்க பையன். அண்ணி."

"எனக்கு இடுப்பு" என்றாள் நாத்தனார்.

"அப்ப ஒரு வாரத்துக்கு ஆள் வச்சுக்கலாம்."

"கண்டவளும் வந்து எங்கம்மாவைத் தொடறதா? நல்லா இருக்கு."

"அண்ணி, நீங்களும் தொட மாட்டீங்க, வெளி ஆளும் தொடக்கூடாது. அப்ப நான்தான் தொடணும். நேராவே சொல்லுங்க."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். அங்கே லிஃப்ட் எதுவும் இல்லை.

"இங்க பாரு" என்றான், சமாதானமாகப் பேசும் குரலில். "படிச்சே இல்ல? யாராவது குறுக்க நின்னோமா? இதுவரைக்கும் எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணிட்ட. இந்த ஒண்ண விட்டுடு. சர்டிபிகேட் வச்சு இந்த வயசுல எந்த ஆபீசுக்குப் போகப் போற?"

"எந்த ஆபீசுக்கும் இல்ல. அந்த ஊருக்குப் போகப் போறேன்."

எழுந்து போய் அட்டையைக் கொண்டுவந்தாள். மாமியார் அறையில், கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் பழைய காலண்டர் ஆணியில் மாட்டினாள். நீலம் ஊரெல்லாம் போய்வந்து கட்டிலைத் தொடும் இடம் ஒன்றே ஒன்று. பச்சை அதுவும் இல்லை. மஞ்சள் சோபாவோடு நின்றது.

புருஷன் பக்கத்தில் போய்ப் பார்த்தான். இயந்திரம் தெரிந்தவன், படம் சட்டென்று புரிந்துவிடும். அதுதான் அவனுக்குச் சங்கடம்.

"நான் வேலைக்குப் போறேன்" என்றான்.

"அதைத்தான் வரைஞ்சிருக்கேன். தப்புன்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"என்னைக் கொண்டுபோய் சோபாவுல நிறுத்தியிருக்கா பாரு" என்றாள் நாத்தனார். "இதுக்குத்தான் காலேஜா? வீட்டு மானத்தை அட்டையில குத்தி மாட்டறதுக்கா?"

"நீங்க வேற இடத்துல இருந்தா சொல்லுங்க அண்ணி, மாத்திக் கட்டறேன். நூல் இருக்கு."

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. "கழுவ வேண்டியது என் பின்பக்கம். என்னை யாராவது கேட்டீங்களா?"

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"அவ போகட்டும். ஒரு வாரம் அவ மூஞ்சியப் பாக்காம இருந்தா எனக்கும் நல்லதுதான். எப்பப் பாரு பரிட்சைக்கு ஓடறவ மாதிரியே துடைச்சு விடறா. நான் பெத்தது ரெண்டு இருக்கே, அதுங்களுக்கு என்ன கை இருக்குன்னு நானும் பாக்கறேன்."

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள் நாத்தனார்.

"நாலு வருஷமா அதைத்தானே பண்றேன்."

மறுநாள் முதல் பூகோளம் பாடம் நடத்தினாள். காகிதத்தில் எழுதி ஒட்டினால் ஒட்டிய இடத்திலேயே இருக்கும், கையில் ஏறாது. அதனால் செய்ய வைத்தாள். முதல் நாள் புருஷன் அம்மாவை நிமிர்த்த வலது கையைப் பிடித்து இழுக்கப் போனான். அவள் அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள்.

"அந்தக் கையில உயிர் இல்ல. இழுத்தா தோள்மூட்டு கழண்டுடும். கயிறு பிஞ்சுபோன லிஃப்டைக் கயிறைப் பிடிச்சு இழுப்பீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப முட்டியை மடக்குங்க. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. உங்க பக்கம் உருட்டுங்க. தூக்க வேண்டாம், உருட்டுங்க. உங்க முதுகை வளைக்காதீங்க, காலை மடக்குங்க."

உருட்டினான். அம்மா அவன் பக்கம் வந்தாள். மகன் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எத்தனை நாள் ஆனதோ, "ஷேவ் பண்ணிட்டு வா" என்றாள்.

பேரனுக்குத்தான் வெட்கம். அழுக்குத் துணி மாற்ற வேண்டும் என்றதும் கதவருகே போய் நின்றுகொண்டான். "அம்மா, பாட்டிய நான் எப்படி?"

"நீ பேண்டதுல நான் துவைக்காத துணி உண்டா? அப்ப நான் கதவாண்டையா நின்னேன்?" என்றாள் பாட்டி. "கண்ணை வேணா மூடிக்கோ. கையை மூடாத."

அவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு வேலை நடந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் இரண்டு பேருக்கும் புரட்டவும், துடைக்கவும், நிமிர்த்தி உட்கார வைத்துக் கரண்டி கரண்டியாகக் கஞ்சி கொடுக்கவும் வந்துவிட்டது. நன்றாக வந்தது என்று சொல்ல முடியாது. விரிப்பில் சுருக்கம் நிற்கவே செய்தது. மாமியார் எந்த மூலை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாத்தனார் அந்த இரண்டு வாரமும் டீக்கு வரவில்லை.

கிளம்புகிற நாள் வந்தது. பை வாசலில் இருந்தது. புருஷன் ஒரு வாரம் விடுப்பு சொல்லியிருந்தான். அவள் செருப்பை மாட்டும்போது அவன் போன் அடித்தது. பேசிவிட்டு வந்தான்.

"ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்னுபோச்சாம். அந்த மெஷின் எனக்கு மட்டும்தான் அத்துப்படி. போயே ஆகணும்."

"ஆமா, ஆஸ்பத்திரி லிஃப்ட்னா போகத்தான் வேணும்."

"அப்ப நீ இன்னைக்கு இரு. நாளைக்கு தனியா பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்ந்துக்கோ. ஒரு நாள்தானே."

அந்த 'ஒரு நாள்தானே'யை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான புதிதில் பாதியில் நின்ற தட்டச்சு வகுப்பும் ஒரு நாள்தானே என்றுதான் நின்றது. நாளைக்கு நாத்தனாருக்கு இடுப்பு பிடிக்கும், நாளன்றைக்கு மகனுக்கு டபுள் ஷிஃப்ட் வரும். யாரும் திட்டம் போட்டுச் செய்ய மாட்டார்கள். எல்லாம் தானாகவே அவள் காலில் வந்து சுற்றிக்கொள்ளும், சிவப்பு நூல் மாதிரி.

பையைத் தோளில் மாட்டினாள்.

"நீங்களும் போகத்தான் வேணும். நானும் போகத்தான் வேணும்."

"அப்ப அம்மா?"

"அந்தக் கேள்வி நாலு வருஷமா என்கிட்ட இருந்தது. இந்த வாரம் உங்களுது."

"நீ என்ன பேசற? இப்படி விட்டுட்டுப் போனா அது மனுஷத்தனமா?"

"விட்டுட்டுப் போகல. உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. உள்ள ஒருத்தன் தூங்கறான், எழுப்புங்க. இப்பத்தான் சன்னல் பக்கம் புரட்டியிருக்கேன், அடுத்தது சுவர்ப் பக்கம்."

லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. படியில் இறங்கினாள். மேலே அவன் அக்காவுக்குப் போன் போடுவது காதில் விழுந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கால் கொஞ்சம் தயங்கியது. தயங்கினால் தயங்கட்டும் என்று அதையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

பஸ்ஸில் போன் இரண்டு தடவை அடித்தது. முதலில் நாத்தனார், பிறகும் நாத்தனார். பக்கத்துப் பெண், "எடுக்கலையாக்கா?" என்றாள். "அது டீ கேக்கறதுக்கு" என்றாள் பூகோளம். வழியில் பஸ் நின்ற இடத்தில் மகனைக் கூப்பிட்டாள்.

"வீட்ல யாரு இருக்கா?"

"நான்தான். அப்பா போய்ட்டாரு. அத்தை வந்தாங்க, கத்தினாங்க, போய்ட்டாங்க."

"புரட்டினியா?"

"புரட்டிட்டேன்."

"எந்தப் பக்கம்?"

"சுவர்ப் பக்கம்."

"சாப்பிட்டாங்களா?"

"கஞ்சி கொடுத்தேன். உப்பு இல்லன்னாங்க. போட்டேன். உப்பு ஜாஸ்தின்னாங்க."

"சரி, நல்லா இருக்காங்க. வை."

துறைமுக ஊரில் உப்புக் காற்றும் பூட்டிய வீடுகளும். இருவர் இருவராகப் பிரிந்து தெருத்தெருவாகப் போனார்கள். கேள்வித்தாளில் போனவர்களைப் பற்றி எல்லாக் கேள்வியும் இருந்தது. எப்போது போனார், எந்த ஊர், என்ன வேலை. கதவைத் திறந்து பதில் சொன்னதெல்லாம் பெண்கள். புருஷன் அங்கே, மகன் இங்கே என்று சொல்லிவிட்டு, வேறென்ன என்பதுபோல் நின்றார்கள். நாலைந்து வீடு முடித்ததும் பூகோளத்துக்கு எதுவோ உறுத்தியது. அடுத்த வீட்டில் கதவைத் திறந்தவளின் கையில் ஈரத்துணி இருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

"போனவங்களைப் பத்திச் சொன்னீங்க. நீங்க ஏன் போகல?"

அந்தப் பெண் விழித்தாள். "என்னை யாரும் கேட்டதில்ல" என்றாள். பிறகு கதவை அகலத் திறந்துவிட்டு, "உள்ள வாங்க" என்றாள்.

அன்று மாலை துறைத் தலைவியிடம் சொன்னாள். "மேடம், நான் அட்டையில பண்ண அதே தப்பு கேள்வித்தாள்லயும் இருக்கு. போகாதவங்களுக்கு நூல் இல்ல." துறைத் தலைவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே, "சரி, நீங்களே கேள்விய எழுதுங்க" என்றாள். மறுநாளிலிருந்து எல்லோரும் அதையும் கேட்டார்கள்.

வாரத்தின் பிற்பாதியில் ஒரு மத்தியானம் புருஷனே கூப்பிட்டான். குரலில் பதற்றம்.

"குதிகால்ல சிவப்பா இருக்கு. புண்ணு வருது போல. நீ கிளம்பி வந்துடு."

அவள் கையில் பேனா, எதிரில் பாதி பேசிய ஒரு மனுஷி. ஒரு நிமிஷம் என்று கைகாட்டிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள்.

"தோல் பிஞ்சிருக்கா? நீர் கோத்திருக்கா?"

"இல்ல. சிவப்பு மட்டும்."

"விரலை வச்சு அழுத்துங்க. எடுங்க. அந்த இடம் வெளுத்துட்டு மறுபடி சிவக்குதா, இல்ல அழுத்தியும் அப்படியே இருக்கா?"

அங்கே அவன் போனைக் கட்டிலில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "வெளுக்குது. வெளுத்துட்டு சிவக்குது."

"அப்ப நேரம் இருக்கு. ரத்தம் ஓடுது. தேய்ச்சு விடாதீங்க. கெண்டைக்கால் அடியில தலகாணி வைங்க, குதிகால் எதையும் தொடாம அந்தரத்துல நிக்கணும். சாயங்காலம் மறுபடி அழுத்திப் பாருங்க. வெளுக்கலன்னா நர்சம்மாவைக் கூப்பிடுங்க, நம்பர் ஃபிரிட்ஜ் மேல."

"நீ வரலையா?"

"வந்தா நானும் தலகாணிதான் வைப்பேன். அதை நீங்களே வைங்க."

போனை வைத்தாள். அந்தக் குதிகாலை நான்கு வருஷம் பழுது இல்லாமல் காப்பாற்றியவள் அவள். ஆனாலும் எழுந்து போய்ப் பேனாவை எடுத்தாள். சாயங்காலம் ஒரு செய்தி வந்தது, மகனிடமிருந்து. சிவப்பு குறைந்துவிட்டது, பாட்டி தலகாணி உறையில் கறை என்று திட்டுகிறாள்.

ஊர் திரும்பியபோது மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வெயில்ல கறுத்துட்ட" என்றாள். பூகோளம் முதலில் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்தாள். பிறகு இடுப்பு, முதுகு, தோள். ஒன்றுமில்லை. விரிப்பில் மட்டும் சுருக்கம் இருந்தது. சுவரில் அட்டையைப் பார்த்தாள். யாரோ நீல நூலை அவிழ்த்துக் கட்டிலைச் சுற்றிக் கன்னாபின்னாவென்று கட்டியிருந்தார்கள். முடிச்சு மெக்கானிக் போடும் முடிச்சு.

"அதை அக்காகிட்ட காட்டாத" என்றான் புருஷன்.

காட்டத் தேவை இருக்கவில்லை. நாத்தனார் அன்று சாயங்காலமே வந்துவிட்டாள், மூன்று வார டீயையும் சேர்த்துக் குடிப்பதற்கு. சோபாவில் உட்காரவில்லை. மாமியார் அறை வாசலில் நின்றாள்.

"போய்ட்டு வந்தாச்சா பூகோளம்? இப்ப பட்டம் கிடைச்சுடும். வாங்கி என்ன பண்ணப் போற?"

"மேல படிக்கப் போறேன் அண்ணி. இன்னும் ரெண்டு வருஷம்."

"ரெண்டு வருஷமா?" நாத்தனாருக்குக் குரல் ஏறியது. "அப்பவும் இப்படித்தான் ஊர் ஊராப் போவியா?"

"இதைவிடத் தூரமாப் போவேன். அங்க ஒரு மாசம் தங்கணும்."

"யாரைக் கேட்டு?"

"இந்த வாரம் போனதும் யாரையும் கேட்டுப் போகல அண்ணி. சொல்லிட்டுப் போனேன். அப்பவும் சொல்லிட்டுப் போவேன்."

நாத்தனார் தம்பியைத் தேடினாள். அவன் அடுப்படியில் கஞ்சிப் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலிலிருந்து மாமியார் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"தலைமாட்டு வலது மூலை. சுருக்கம்."

பூகோளம் விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை. வாசலில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இடுப்பை வளைக்காதீங்க அண்ணி, காலை மடக்குங்க. வாங்க, அந்த மூலையைப் பிடிங்க."

நாத்தனார் அசையவில்லை. பூகோளமும் தன் பக்கத்தை விடவில்லை. விரிப்பு பாதி விறைத்தபடி நின்றது. மாமியார் ஒரு கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரம்டி நான் சுருக்கத்துல படுத்திருக்கிறது?"

நாத்தனார் கைப்பையைக் கீழே வைத்தாள். அறைக்குள் வந்து மூலையைப் பிடித்தாள்.

"இறுக்கி" என்றாள் பூகோளம்.